அப்பாவுக்கு அட்டாக் வந்து 4 மாசம், கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட், ஆனா டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்க்கறாரு, ஏன்?

கவி_கொரட்டூர் | ஞாயிறு, இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க ப்ளீஸ்.

எங்க அப்பாவுக்கு 52 வயசு. அம்பத்தூர் எஸ்டேட்ல சின்னதா லேத் பட்டறை வச்சிருக்காரு. நாலு மாசம் முன்னாடி காலைல பட்டறைல நின்னுட்டு இருக்கும்போதே இடது தோள்ல வலி, சட்டை முழுக்க வேர்த்து ஊத்திடுச்சு, அவரு வாயுப்பிடிப்புன்னு நெனச்சு சோடா வாங்கி குடிச்சிட்டு உக்காந்திருக்காரு, பட்டறை பசங்க தான் பயந்து போய் 108க்கு போன் பண்ணி கூட்டிட்டு போனாங்க. ஆஞ்சியோ பண்ணி, இதயக் குழாய் அடைச்சிக்காம இருக்க ஒரு ஸ்டென்ட் (சின்ன கம்பிவலை) வச்சாங்க. இப்ப வேலைக்கும் போக ஆரம்பிச்சிட்டாரு.

அட்மிட் ஆனப்போ எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 142. போன வாரம் எடுத்ததுல டோட்டல் 144, எல்டிஎல் 76, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, ட்ரைகிளிசரைட் (ரத்தத்துல இருக்கற இன்னொரு கொழுப்பு) 160. ரிப்போர்ட்ல பக்கத்துலயே எல்டிஎல் 100க்குள்ள இருந்தா நார்மல்னு அச்சடிச்சிருக்கு. அத பாத்ததுல இருந்து அப்பா வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் ரிப்போர்ட்ட காட்டறாரு. ஆனா டாக்டர் பாத்துட்டு இது போதாதுன்னு எசிடிமைப் 10ன்னு புதுசா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. அங்க கூட்டம், எங்களால ஏன்னு கேட்டு நிக்க முடியல. அதுல இருந்து அப்பாவுக்கு கோவம், நார்மல் வந்தப்புறமும் எதுக்கு மாத்திரைய ஏத்தறாங்க, இது மருந்து விக்கற வேலைன்னு.

அது கூட பரவால்ல. இன்னைக்கு அம்மா தான் தனியா கூப்ட்டு சொன்னாங்க, ஆறு நாளா ராத்திரி போடற கொலஸ்ட்ரால் கேப்ஸ்யூல அவரு போடறதே இல்லையாம். கெண்டைக்கால் வலிக்குது, அந்த மாத்திரையால தான்னு எங்க தெருல ஒரு பெரியவர் சொல்லிருக்காரு. அவரே பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன், வினிகர் எல்லாம் போட்டு காய்ச்சி ஒரு பாட்டில் கொடுத்திருக்காரு, அடைப்பையே கரைச்சிடும்னு. அப்பாகிட்ட கேட்டா "கொலஸ்ட்ரால் மாத்திரைய மட்டும் தான்மா விட்டிருக்கேன், காலைல போடறத விடல"ன்றாரு. காலைல மெட்டோப்ரோலால் 25, ராமிப்ரில் 2.5, ராத்திரி அந்த கேப்ஸ்யூல் ஒண்ணு. அவ்ளோ தான் மொத்த மருந்தே.

நிஜமாவே 76 போதாதா? கால் வலிக்கு என்ன பண்றது? அவருக்கு எப்படி புரிய வைக்கறதுன்னே தெரியல.

---

ராயபுரம்_செல்வம் | ஞாயிறு, இரவு 9:05

அம்மா கவி, உங்க அப்பா இப்ப செய்யறது நான் செஞ்சது தான், அதான் சாப்பாட்ட பாதில வச்சிட்டு உடனே எழுதறேன்.

எனக்கு 2016ல அட்டாக், ஒரு ஸ்டென்ட். ஒன்றரை வருஷம் ஒழுங்கா மாத்திரை போட்டேன், ரிப்போர்ட் சூப்பரா வந்துச்சு, குணமாயிடுச்சுன்னு நெனச்சு நானே நிறுத்திட்டேன். வீட்ல கூட சொல்லல. 2018 ஆடி மாசம் காசிமேட்டுல ஏலத்துல நிக்கும்போது திரும்ப வலி. இந்த தடவ வேற குழாய்ல அடைப்பு, பழைய ஸ்டென்ட் வச்ச இடம் நல்லா தான் இருந்துச்சு. அப்ப தான் டாக்டர் உக்கார வச்சி சொன்னாரு, ஸ்டென்ட்ன்றது ரோட்டுல ஒரு பள்ளத்த மூடின மாதிரி, மத்த ரோடு அப்படியே தான் இருக்கு, அந்த ரோட்ட பாத்துக்கறது தான் இந்த மாத்திரைன்னு. அதே வார்த்தைய எனக்கு முதல் தடவையே யாராவது சொல்லிருந்தா நான் நிறுத்திருக்க மாட்டேன்.

இன்னொண்ணு, 76 வந்தது மாத்திரையால வந்த 76. அப்பா உடம்பு தானா 76க்கு வரல. நிறுத்தினா சில வாரத்துல பழைய 142 பக்கம் போய் நிக்கும். பிரஷர் மாத்திரை போட்டா பிரஷர் இறங்குது, அதுக்காக நிறுத்திடறோமா? உங்க அப்பாவ என்கிட்ட பேச சொல்லுங்க, நான் பேசறேன். பயமுறுத்த மாட்டேன்.

---

பார்மசி_பாபு | ஞாயிறு, இரவு 9:12

சிஸ்டர், மத்தத எல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல அந்த ராத்திரி கேப்ஸ்யூல் அட்டைய எடுத்து பின்பக்கம் என்ன அச்சாகிருக்குன்னு படிங்க. இப்பவே.

ஏன் கேக்கறேன்னா ஸ்டென்ட் வச்ச புதுசுல ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினும், க்ளோபிடோக்ரெல் மாதிரி இன்னொண்ணும் கண்டிப்பா இருக்கணும், நீங்க சொன்ன லிஸ்ட்ல அது ரெண்டுமே இல்ல. மெட்டோப்ரோலாலும் ராமிப்ரிலும் பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கறது, அது ரத்தம் உறையறத தடுக்காது. நம்ம ஊர்ல அடோர்வாஸ்டாட்டின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் மூணையும் ஒரே கேப்ஸ்யூல்ல போட்டு நிறைய வருது. நாங்களும் கடைல கொடுக்கும்போது சுருக்கமா "இது கொலஸ்ட்ராலுக்கு, நைட்டு"ன்னு சொல்லிடறோம், நானே அப்படி சொல்லிருக்கேன், அது எவ்ளோ தப்புன்னு இப்ப உங்க பதிவ படிக்கும்போது தான் உறைக்குது.

மூணும் அதுல இருந்தா, ஆறு நாளா அப்பா ஸ்டென்ட்டுக்கான மருந்தே எடுக்கலன்னு அர்த்தம். வச்சு நாலே மாசம் ஆன ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் கட்டிக்கிட்டா பெரிய அட்டாக்கா வரும். விட்டுப்போனதுக்கு சேத்து நீங்களா ரெண்டு மூணுன்னு போட்டுடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி ஆறு நாள் விட்டுட்டாருன்னு சொல்லி கேளுங்க. நெஞ்சுல வலி, இறுக்கம், மூச்சு வாங்கறது எது இருந்தாலும் போன்ல பேசிட்டு இருக்காம 108.

---

கவி_கொரட்டூர் | ஞாயிறு, இரவு 9:31

பாபு அண்ணா, கை நடுங்குது. அட்டைல ஆஸ்பிரின் 75, க்ளோபிடோக்ரெல் 75, அடோர்வாஸ்டாட்டின் 40ன்னு மூணும் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணேன், வலி இல்லன்னாலும் இப்பவே கூட்டிட்டு வாங்க ஈசிஜி எடுத்து பாத்துடலாம்னாங்க. தம்பி ஆட்டோ கூப்ட போயிருக்கான். கிளம்பறோம்.

---

கவி_கொரட்டூர் | திங்கள், அதிகாலை 1:15

வந்துட்டோம். ஈசிஜில புதுசா ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க, ரத்த டெஸ்ட்டும் எடுத்தாங்க, மருந்த திரும்ப அங்கயே வச்சி ஆரம்பிச்சு கொடுத்தாங்க, வியாழக்கிழமை ஓபிக்கு வர சொல்லிருக்காங்க. திரும்பி வரும்போது அப்பா ஆட்டோல ஒரு வார்த்த பேசல, என் கைய மட்டும் புடிச்சிட்டு வந்தாரு. பாபு அண்ணாக்கும் செல்வம் அங்கிளுக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

---

இயற்கைவழி_தாம்பரம் | திங்கள், காலை 7:20

உங்க அப்பா நல்லா இருக்கணும், ரத்தம் உறையாம இருக்க கொடுக்கற மருந்து விஷயத்துல நான் ஒண்ணும் சொல்ல வரல. ஆனா கொலஸ்ட்ரால் உடம்புக்கு தேவையான பொருள், மூளைக்கே வேணும், அத போய் கெமிக்கல் போட்டு 76க்கும் கீழ இறக்கறது சரியா? எங்க மாமாவுக்கு அடோர்வாஸ்டாட்டின் மாதிரி கொலஸ்ட்ரால குறைக்கற இந்த ஸ்டாட்டின் மாத்திரை போட்டு நடக்கவே முடியாம போச்சு, நிறுத்தினப்புறம் தான் எழுந்தாரு. நம்ம தாத்தா பாட்டி எல்லாம் நெய்யும் தேங்காயும் சாப்ட்டு 90 வயசு வரைக்கும் இருந்தாங்க. பூண்டு, வெந்தயம், கொள்ளு இதுலயே கண்ட்ரோல் பண்ணலாம்னு நான் மனசார நம்பறேன்.

---

வார்டு_அக்கா | திங்கள், பிற்பகல் 3:45

நான் 22 வருஷம் இதய வார்டுல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. தாம்பரம் தம்பி அக்கறையா தான் கேக்கறாரு, அதனால ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளும்.

உடம்புக்கு கொலஸ்ட்ரால் வேணும், உண்மை தான். ஆனா ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியத தானே செஞ்சுக்கும், மூளையும் தனக்கு வேண்டியத உள்ளயே செஞ்சுக்குது, ரத்தத்துல ஓடற எல்டிஎல்ல நம்பி அது இல்ல. ஸ்டாட்டின் என்ன பண்ணுதுன்னா கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கறத குறைக்குது, அப்ப கல்லீரல் தனக்கு வேணும்னு ரத்தத்துல இருக்கற எல்டிஎல்ல இழுத்துக்குது. அதோட ரத்தக்குழாய் சுவர்ல படிஞ்சிருக்கற கொழுப்புக் கட்டி வெடிக்காம இறுகி நிக்கறதுக்கும் உதவுது. அட்டாக் வர்றதே பெரும்பாலும் அந்த கட்டி வெடிச்சு அது மேல ரத்தம் உறையறதால தான். நம்ம தமிழ்நாட்டுல 2023ல வந்த இதயம் காப்போம் திட்டத்துல, நெஞ்சு வலின்னு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்றவங்களுக்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே கொடுக்கற மாத்திரைல ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலோட அடோர்வாஸ்டாட்டினும் இருக்கு. அது அவ்ளோ அவசரமான மருந்து.

கெமிக்கல்னு சொன்னீங்க. முதல் ஸ்டாட்டின ஜப்பான்ல அகிரா எண்டோன்றவரு 1970கள்ல ஒரு பூஞ்சைல இருந்து தான் பிரிச்சு எடுத்தாரு. ஆயிரக்கணக்கான பூஞ்சைய தேடி பாத்து கண்டுபுடிச்சது. இயற்கைல இருந்து வந்ததா இல்லையான்றத விட, போட்டவங்க பொழைச்சாங்களான்றது தான் எனக்கு முக்கியம். 1994ல வெளிவந்த ஸ்காண்டிநேவியா ஆய்வு, 4444 பேரு, எல்லாரும் ஏற்கனவே அட்டாக்கோ நெஞ்சு வலியோ வந்து கொலஸ்ட்ரால் அதிகமா இருந்தவங்க. அஞ்சு வருஷம் சொச்சம் பாத்தாங்க. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை போட்ட பாதி பேர்ல 256 பேர் இறந்துட்டாங்க, சிம்வாஸ்டாட்டின் போட்ட பாதில 182. அதுக்கப்புறம் தான் எங்க வார்டுலயும் டிஸ்சார்ஜ் சீட்டுல ஸ்டாட்டின் இல்லாம யாரும் போகல.

கால் வலி பத்தி. மாமாவுக்கு வந்தது நிஜமா இருக்கலாம், தசைல பாதிப்பு சிலருக்கு வரும், அத யாரும் மறுக்கக் கூடாது. ஆனா 2020ல இங்கிலாந்துல ஒரு ஆய்வு, ஸ்டாட்டின் ஒத்துக்கலன்னு நிறுத்தின 60 பேருக்கு ஒரு மாசம் நிஜ மாத்திரை, ஒரு மாசம் வெறும் மாத்திரை, ஒரு மாசம் ஒண்ணும் இல்லாமன்னு ஒரு வருஷம் மாத்தி மாத்தி கொடுத்தாங்க, எதுன்னு அவங்களுக்கு சொல்லல. நிஜ மாத்திரைல வந்த தொந்தரவுல 90 சதவீதம் வெறும் மாத்திரை போட்ட மாசத்துலயும் வந்துச்சு. வலி பொய்யின்னு அர்த்தம் இல்ல, வலிச்சது நிஜம். மாத்திரைய பத்தின பயமே வலியா வருதுன்னு அர்த்தம். முடிவ பாத்துட்டு அதுல பாதி பேர் திரும்ப மாத்திரை ஆரம்பிச்சாங்க.

கவி, அப்பாவுக்கு வியாழக்கிழமை டாக்டர்கிட்ட கால் வலிய கண்டிப்பா சொல்லுங்க. சிபிகேன்னு தசைக்கான டெஸ்ட், தைராய்டு, வைட்டமின் டி மூணும் பாக்கலாமான்னு கேளுங்க. தைராய்டு கம்மியா இருந்தா அதுவே கொலஸ்ட்ரால ஏத்தும், அதுவே தசை வலியும் கொடுக்கும், கடைசில பழி மட்டும் மாத்திரை மேல விழும், இத எத்தனையோ பேர்கிட்ட பாத்துட்டேன். நடந்தா கெண்டைக்கால் இழுத்து புடிச்சு, நின்னா விடுதுன்னா அது கால் ரத்தக்குழாய் அடைப்பாவும் இருக்கலாம், அது வேற விஷயம், அதையும் சொல்லணும். மூத்திரம் டீ டிக்காஷன் மாதிரி கறுப்பா போனா அன்னைக்கே போகணும். மத்தபடி டோஸ் குறைக்கலாம், வேற ஸ்டாட்டினுக்கு மாத்தலாம், வழி இருக்கு. தானா நிறுத்தறது மட்டும் வேண்டாம்.

இப்ப உங்க முதல் கேள்வி. லேப்ல அச்சடிச்ச 100 பொதுவா எல்லாருக்கும். அட்டாக் வந்தவங்களுக்கு கணக்கு வேற. ஐரோப்பிய இதய டாக்டர்கள் சங்கம் 2019ல சொன்னது எல்டிஎல் 55க்கு கீழ, அதோட ஆரம்பத்துல இருந்ததுல பாதியாவது குறையணும். நம்ம ஊர் டாக்டர்ங்க சிலர் 50ன்னே சொல்வாங்க. அப்பாவுக்கு 142ல பாதி 71, அவரு 76ல நிக்கறாரு, ரெண்டு கணக்குலயும் இன்னும் வரல. ஸ்டாட்டின் டோஸ ரெண்டு மடங்காக்கினா கூடுதலா 6 சதவீதம் தான் இறங்கும், ஆனா எசிடிமைப் குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சறத தடுக்கறதால 20 சதவீதம் பக்கம் இறக்கும். டாக்டர் அத எழுதினது இதுக்குத்தான். இதால கிடைக்கற நன்மை ஸ்டாட்டின் அளவுக்கு பெருசு இல்லன்றதையும் சொல்லிடறேன், 2015ல வந்த பெரிய ஆய்வுல ஏழு வருஷத்துல 100 பேர்ல 2 பேருக்கு அடுத்த பாதிப்பு தடுக்கப்பட்டுச்சு. அந்த 2 பேர்ல உங்க அப்பா ஒருத்தரா இருக்கலாமே.

---

இயற்கைவழி_தாம்பரம் | திங்கள், மாலை 6:10

அக்கா, இவ்ளோ விளக்கமா எனக்கு யாரும் சொன்னதில்ல. மாமாவுக்கு தைராய்டு பாக்கவே இல்லன்னு நெனைக்கறேன், இன்னைக்கே அத்தைகிட்ட கேக்கறேன்.

---

மயிலை_விஜி | திங்கள், இரவு 10:20

சாப்பாட்ட பத்தி யாரும் சொல்லலயே, நான் சொல்றேன். எங்க வீட்டுக்காரருக்கு அட்டாக் வந்து மூணு வருஷம். முதல் மாசம் பயத்துல எல்லாத்தையும் நிறுத்தி வெறும் ஓட்ஸ் கஞ்சி கொடுத்து அவரு வெறுத்துப் போயிட்டாரு, அப்படி பண்ணாதீங்க கவி.

எண்ணெய் தான் பெரிய விஷயம். பாட்டில் மேல கொலஸ்ட்ரால் இல்லன்னு போட்டிருக்கறத பாத்து வாங்காதீங்க, செடில இருந்து வர்ற எந்த எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் இருக்காது. பாக்க வேண்டியது நிறை கொழுப்பு எவ்ளோன்னு. தேங்காய் எண்ணெய்ல 90 சதவீதம் பக்கம், பாமாயில்ல பாதி, நல்லெண்ணெய், கடலை எண்ணெய்ல அஞ்சுல ஒரு பங்கு இல்ல அதுக்கும் கம்மி. நாங்க ரேஷன்ல 25 ரூபாய்க்கு வர்ற பாமாயில்ல தான் பொரியல் தாளிப்பு எல்லாம் பண்ணிட்டு இருந்தோம், விலைய பாத்தா மனசு வராது தான், ஆனா இப்ப சமையலுக்கு கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும், மூணு பேருக்கு மாசம் ஒன்றரை லிட்டர், அதுக்கு மேல அடுப்பு பக்கம் எண்ணெய் வராது.

உங்க அப்பா பட்டறைன்னீங்க, அப்ப டீக்கடைய பாருங்க. டீயோட பப்ஸ், சமோசா, பட்டர் பிஸ்கட்டு, திரும்ப திரும்ப காய்ச்சின எண்ணெய்ல போட்ட வடை, வீட்ல நாம எவ்ளோ பாத்து பண்ணாலும் இந்த நாலு மணி டீ எல்லாத்தையும் அழிச்சிடும். வறுத்த கடலை ஒரு பிடி டப்பால போட்டு கொடுத்து அனுப்புங்க, சுண்டல் கொடுங்க. மத்தபடி வெண்டைக்காய், அவரை, பாசிப்பயறு, கொள்ளு எல்லாம் தினம் சேருங்க, அதுல இருக்கற நார் கொலஸ்ட்ரால கொஞ்சம் இழுத்துட்டு போகும். மீன் சாப்டுவீங்கன்னா மத்தி, அயிலை குழம்பு வைங்க, வறுக்காதீங்க. ட்ரைகிளிசரைட் 160ன்னா சாதத்தையும் சர்க்கரையையும் கொஞ்சம் குறைக்கணும், எங்க வீட்ல தட்டுல பாதி காய், கால்வாசி தான் சாதம். ஆனா ஒண்ணு, இவ்ளோ பண்ணியும் சாப்பாட்டால மட்டும் எல்டிஎல் 10, 15 சதவீதம் இறங்கினா பெருசு, ஏன்னா முக்கால்வாசி நம்ம உடம்பே பண்றது. அதனால பூண்டு சமையல்ல தாராளமா போடுங்க, மாத்திரைக்கு பதிலா மட்டும் வேண்டாம்.

நடைக்கு எங்க வீட்டுக்காரர் நாகேஸ்வர ராவ் பார்க்ல காலைல அரை மணி நேரம், டாக்டர் சொன்ன வேகத்துல. சிகரெட் இருக்கான்னு நீங்க சொல்லல. இருந்தா அது தான் முதல்ல.

---

பார்மசி_பாபு | செவ்வாய், காலை 8:05

ரெண்டு விஷயம் சேத்துக்கறேன். அடோர்வா (அடோர்வாஸ்டாட்டின்), ரோசுவா (ரோசுவாஸ்டாட்டின், இன்னொரு ஸ்டாட்டின்) ரெண்டும் ராத்திரி தான் போடணும்னு கட்டாயம் இல்ல, நீண்ட நேரம் வேலை செய்யற மருந்து, அப்பா ராத்திரி மறக்கறாருன்னா காலைலயே சேத்து போடலாமான்னு டாக்டர கேளுங்க. மெடிக்கல்ல ஸ்ட்ரிப் மாத்திக் கொடுத்தா உள்ள இருக்கற மருந்தோட பேரும் அளவும் ஒண்ணான்னு பாருங்க, ரோசுவா 20ம் அடோர்வா 20ம் ஒண்ணு இல்ல. செலவு கையக் கடிச்சா மக்கள் மருந்தகத்துலயும், 2025 பிப்ரவரில ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகத்துலயும் கேட்டு பாருங்க, விலை நல்லாவே கம்மி.

---

கவி_கொரட்டூர் | 8 வாரம் கழிச்சு, சனி, மாலை 5:30

எல்லாருக்கும் சொல்லணும்னு இருந்தேன், லேட் ஆயிடுச்சு, மன்னிச்சிடுங்க.

அந்த வியாழக்கிழமை டாக்டர் வலிய பொறுமையா கேட்டாரு. சிபிகே, தைராய்டு ரெண்டும் நார்மல், வைட்டமின் டி தான் 11, ரொம்ப கம்மி. நாள் பூரா பட்டறைக்குள்ளயே இருக்காரு இல்லையா. அதுக்கு மருந்து கொடுத்தாரு. கேப்ஸ்யூல நிறுத்தி ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் தனியா, ரோசுவாஸ்டாட்டின் 20 தனியா, எசிடிமைப் 10 தனியான்னு எழுதிட்டாரு, எது எதுக்குன்னு தெரியணும்னு நாங்க தான் கேட்டோம். இப்ப ஒவ்வொரு டப்பா மேலயும் அம்மா ஸ்கெட்ச்ல எழுதி ஒட்டிருக்காங்க, "ஸ்டென்ட்டுக்கு", "ரோட்டுக்கு"ன்னு. செல்வம் அங்கிள், நீங்க போன்ல அப்பாகிட்ட பேசினதுல இருந்து வந்த பேரு அது. வலி முழுசா போகல, ஆனா மாடி ஏறும்போது பழைய மாதிரி உக்காந்துடறது இல்ல.

சிகரெட் இருந்துச்சு விஜி அக்கா, ஒரு நாளைக்கு அஞ்சாறு. அட்டாக் அன்னைக்கோட விட்டாருன்னு நெனச்சிட்டு இருந்தோம், பட்டறைல ஒண்ணு ரெண்டு ஓடிட்டு இருந்திருக்கு. இப்ப 40 நாளா இல்லன்னு பசங்களே சொல்றாங்க. வினிகர் பாட்டில் அந்த பெரியவர் மனசு நோகக் கூடாதுன்னு அலமாரில அப்படியே இருக்கு.

நேத்து வந்த ரிப்போர்ட்ல எல்டிஎல் 53. "அப்ப நிறுத்தலாமா டாக்டர்"னு இந்த தடவ அப்பா கேக்கல, "இத இப்படியே வச்சுக்க எத்தன நாளுக்கு ஒரு தடவ டெஸ்ட் எடுக்கணும்"னு கேட்டாரு.

அப்பாவுக்கு 55 வயசுக்குள்ளயே வந்ததால பிள்ளைங்க நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவ கொலஸ்ட்ரால் பாத்துக்கோங்கன்னும் டாக்டர் சொன்னாரு. எனக்கு எல்டிஎல் 104. தம்பிக்கு 27 வயசு தான், ஒல்லியா இருப்பான், அவனுக்கு 168 வந்திருக்கு. லிப்போப்ரோட்டீன் (a)ங்கற, பரம்பரையா வர்ற இன்னொரு கொழுப்பையும் பாக்க சொல்லிருக்காங்க, வாழ்க்கைல ஒரு தடவ எடுத்தா போதுமாம். புதன்கிழமை ரிசல்ட். வந்ததும் இங்கயே போடறேன், வார்டு அக்கா கொஞ்சம் பாத்து சொல்லணும்.